கங்காணியின் கண்ணும் ஆசானின் கண்ணும்

வேலையில் மனம் ஊன்றி நிற்பது எவ்வாறு என்ற வினா இன்று பெரியதொரு வாணிபத்தின் முதலாகியிருக்கிறது. கவனத்தைக் குவிக்கக் கற்றுத்தரும் நூல்கள், ஒருநாட் பயிலரங்குகள், மாதக் கட்டணம் பெற்று ஒருவரைத் தனியே வழிநடத்தும் பயிற்றுநர்கள் என்று அவ்வாணிபம் விரிந்து செல்கிறது. இவை அனைத்துக்கும் அடியில் ஒரே கருத்து நிற்கக் காண்கிறோம். மனம் சிதறுவது தனிமனிதனின் குறை. அக்குறையை அவனே ஒரு பயிற்றுநரின் துணையோடு திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பதே அக்கருத்து. இதில் ஒரு பாதி உண்மை. ஒருவர் அருகிருந்து கற்பிக்கும்போது மனிதனின் கவனம் கூர்மையடைகிறது என்பதை மறுப்பார் இலர். மறுபாதியோ ஆராயப்பட வேண்டியது. அருகில் நிற்பவர் யார், அவரை அங்கு நிறுத்தியவர் யார், கற்றதன் பயன் எவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்ற வினாக்களை இவ்வாணிபம் எழுப்புவதேயில்லை. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் ஒரு பாதையைத் துணைக்கொள்வோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொட ஆகிய ஊர்களைக் கடந்து, பலகடுவைக் கணவாய் வழியாக மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 பாதையே அது. அலவத்துகொடவை நடுவாக வைத்து நோக்கினால், மனிதன் தொழில் பழகிய மூன்று முறைகளின் வரலாறு அதன் இருமருங்கிலும் கிடக்கக் காணலாம். வடக்கே மாத்தளைப் பக்கத்தில், அரக்கு வேலைக்குப் பெயர் பெற்ற ஹபுவிட. தெற்கே, அரசர் காலத்துக் கைவினைஞர் குடிகளைக் கொண்ட கண்டியின் சுற்றூர்கள். இவை முதலாவது முறைக்குச் சான்று. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து, மாத்தளை வழியாகக் கண்டி நாட்டை அடைந்த வடக்குப் பாதையும் இத்திசையினதே. இஃது இரண்டாவது முறை. இன்று சந்திக்குச் சந்தி மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் பிரத்தியேக வகுப்பு விளம்பரங்கள் மூன்றாவது முறையை அறிவிக்கின்றன.

முதலாவது முறையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சிறந்த நூல் ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ ஆகும். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877 இல் பிறந்த குமாரசுவாமி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கையில் பணியாற்றினார். பாறைகளை ஆராய வந்தவரின் கருத்து, மறைந்துகொண்டிருந்த கண்டிநாட்டுக் கைவினைகளின்பாற் சென்றது. அவருடைய துணைவியார் எதெல் எடுத்த ஒளிப்படங்களோடு 1908 ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸின் அச்சகத்திலிருந்து வந்த கையச்சுப் பொறியில், 425 படிகள் மட்டுமே அச்சிடப்பட்டன. கைத்தொழிலின் மேன்மையைப் பேசும் நூல் கைத்தொழிலாகவே உருவாக வேண்டும் என்ற கொள்கை இதில் வெளிப்படுகிறது.

கலைப்பொருள்களின் அழகை மட்டும் விதந்து பேசும் நூலன்று அது. கலைஞனின் சமுதாய நிலை, அவன் தொழில் பயின்ற முறை, அவனுக்குக் கிடைத்த ஊதியம் ஆகியவற்றையும் அது விரிவாக நோக்குகிறது. சித்திரம் பழகும் சிறுவனின் முதற்பாடம் ‘வக தெக’ எனப்படும் இரு வளைகோடுகள். அவ்வளைவு கையில் படியும்வரை அவன் அடுத்த பாடத்துக்குச் செல்வதில்லை. பின்னர் அவ்வளைவிலிருந்தே கொடியும் பூவும் இலையும் கிளைக்கின்றன. கற்பிப்பவர் பெரும்பாலும் தந்தை அல்லது தாய்மாமன். பாடம் நடக்கும் இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றே. ஆசானின் கைவேலை சிறுவனின் கண்முன் ஓயாது நடந்துகொண்டிருக்கிறது.

ஹபுவிட அரக்கு வேலையைச் சிறிது உற்று நோக்குவோம். நிறமூட்டிய அரக்கைக் கரிநெருப்பின்மேல் காட்டி இளக்கி, நூல்போல் இழுத்து, மரத்தின்மீது பதித்து, வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் துண்டிப்பது அங்கு வழிவழி வந்த முறை. அரக்கு சூடேறினால் ஒழுகும், ஆறினால் முறியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில கணங்களே தொழிலாளிக்கு உரியவை. அக்கணங்களில் அவன் வேறெதனையும் எண்ணுதல் இயலாது. ‘மனத்தை ஒருமுகப்படுத்து’ என்று அவனுக்கு எவரும் உபதேசிப்பதில்லை. அரக்கே அதனை அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எந்தக் கணம் உரிய கணம் என்பதைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே ஆசானின் வேலை. அதனை எழுத்தில் எழுதிக் காட்ட முடியாது. அருகமர்ந்து, விரலைப் பிடித்தே காட்ட முடியும். தனிப்பயிற்சியின் மெய்யான பெறுமதி யாதென வினவுவார்க்கு இதனினும் தெளிவான விடை இல்லை.

கவனம் என்பது தொழிலிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே விற்கக்கூடிய சரக்கன்று என்பதைக் குமாரசுவாமியின் நூல் நமக்கு உணர்த்துகிறது. வேலையின் தொடக்கமும் முடிவும் ஒருவன் கையில் இருந்தால், செய்யும் பொருளின் பயன் அவன் கண்ணுக்குத் தெரிந்தால், பிழையை உடனே சுட்டும் ஆசான் பக்கத்தில் இருந்தால், கவனம் தானே பிறக்கும். இவ்வுண்மையை வற்புறுத்தியமைக்காக முற்போக்காளராகிய நாமும் அப்பெரியாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயின் அந்நூலை அப்படியே ஏற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. கண்டி இராச்சியத்தின் கைவினைஞன் தன் விருப்பத்தால் தொழிலைத் தேர்ந்தவன் அல்லன். நவந்தன்னோ சாதியிற் பிறந்தவன் கொல்லனாகவோ தட்டானாகவோ தச்சனாகவோ ஆகவேண்டியிருந்தது. அவன் உழுத நிலம் சேவைக்கு ஈடாகக் கிடைத்த நிலம். சேவை நின்றால் நிலமும் போகும். அரசனுக்கும் விகாரைக்கும் நிலப்பிரபுவுக்கும் அவன் ஆற்றிய கட்டாய ஊழியமே இராஜகாரியம். 1833 இல் ஆங்கில ஆட்சி அரசுக்குரிய இராஜகாரியத்தை நீக்கியபோதும், விகாரை நிலங்களிலும் பிரபுக்களின் நிலங்களிலும் சேவைக் கடப்பாடுகள் தொடர்ந்தன. இவ்விவரங்கள் குமாரசுவாமி அறியாதவை அல்ல. அவற்றை அவரே பதிவு செய்திருக்கிறார். எனினும் அவ்வமைப்பின் பாதுகாப்பை அவர் கண்ட அளவுக்கு அதன் விலங்கை அவர் காணவில்லை. தந்தையிடமே கற்கும் மகனுக்குச் சிறந்த ஆசான் கிடைத்தான் என்பது மெய். வேறு ஆசானை நாடும் உரிமை அவனுக்கு இல்லை என்பதும் அதே அளவு மெய். சாதியால் பூட்டப்பட்ட கதவுக்குள் நடந்த கல்வியின் அழகைப் போற்றுவோர், பூட்டையும் சேர்த்துப் போற்றிவிடலாகாது.

இரண்டாவது முறைக்கு வருவோம். கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துரத் தோட்டத்தில், 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் இந்நிகழ்ச்சியில் நம் கருத்தைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. கொழுந்தைப் பறிப்பது, வாடவைப்பது, உருட்டுவது ஆகியவற்றை டெய்லர் கற்றது, இந்தியாவின் கச்சார்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு தேயிலைத் தோட்டக்காரர் நேரிற் காட்டிக்கொடுத்ததாலேயே. துரையின் பங்களா விறாந்தையில் மேசைமேல் கையால் உருட்டிப் பழகப்பட்ட தொழில் அது. ஆக, தோட்டத் துரைக்கும் ஒரு தனிப்பயிற்றுநர் வேண்டியிருந்தார். அவர் கிடைத்தார், கற்பித்தார், கற்றவரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது.

துரைக்குப் பயிற்றுநர் வாய்த்தார். தொழிலாளிக்கு வாய்த்தவர் கங்காணி. ‘கண்காணி’ என்ற சொல்லே ‘கங்காணி’ எனத் திரிந்தது. கண்ணால் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது பொருள். ஊரில் ஆள் சேர்ப்பதும், முற்பணம் கொடுத்துக் கடனில் பிணிப்பதும், நடத்தி அழைத்து வருவதும், வேலைத்தலத்தில் மேற்பார்ப்பதும் அவனே. தன் கீழுள்ள ஒவ்வோர் ஆளும் வேலைக்கு இறங்கும் நாளுக்கு இவ்வளவு என்று பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளி செல்லவேண்டுமாயின், அவனுடைய கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ முன்செல்ல வேண்டும். 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, மனிதன் கடன்சீட்டோடு கைமாறினான். இத்தகைய உறவில், அருகில் நிற்கும் கண் கற்பிப்பதற்காக நிற்கவில்லை. அது தலைகளை எண்ணியது. குனிந்த முதுகு நிமிர்கிறதா என்று நோக்கியது. நாளின் இறுதியில் முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்ப்பளித்தது.

கொழுந்தெடுப்பது கவனம் வேண்டாத வேலை என்று எண்ணுவோர், தேயிலை மலையில் ஒருநாளேனும் நின்று பார்த்தவரல்லர். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளவேண்டும். முற்றிய இலையும் காம்பும் கூடைக்குள் வரலாகாது. செடியின் மட்டம் கெடலாகாது. பறித்த கொழுந்தைக் கையில் நெடுநேரம் இறுக்கிப் பிடித்தால் சூட்டில் கன்றிவிடும். ஆகவே கை நிறைந்ததும் தோளுக்குமேல் பின்புறக் கூடையில் வீசவேண்டும். இவ்வளவும் சரிவான நிலத்தில், மழையிலும் அட்டைக்கடியிலும், இரு கைகளாலும் ஒருசேர நடைபெறுகிறது. கண் ஒரு கொழுந்தைக் கிள்ளும்போதே அடுத்த கொழுந்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஹபுவிடத் தொழிலாளியின் கவனத்துக்கு இந்தக் கவனம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இத்திறனை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? புதிதாக மலைக்கு வந்த பெண்ணைப் பக்கத்து நிரையில் நிறுத்தி, எதை எடுப்பது எதை விடுவது என்று காட்டிக்கொடுத்தவள் அவளுடைய தாயோ அத்தையோ பக்கத்து லயத்து அக்காளோ ஆவாள். அவளுக்கு ஆசிரியப் பதவி இல்லை, ஊதியம் இல்லை, கற்பிக்கச் செலவிட்ட நேரத்தில் அவளுடைய கூடையிலே கொழுந்து குறையவுஞ் செய்தது. தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கல்விக்கு ஒரு வரியும் இல்லை. மலையகத்தின் மெய்யான தனிப்பயிற்சி இவ்வாறே கங்காணியின் கண்ணுக்குக் கீழே, ஆனால் அவன் காணாத வகையில் நடந்து வந்தது.

இதனைக் கண்டவர்கள் நம் இலக்கியகாரர்களே. 1914 இல் வட்டகொடையின் மடகும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் முதற் பாராளுமன்றத்தில் அமர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்தார். வேலைக்களத்தில் பாட்டு வகிக்கும் இடத்தை அறிந்தவர் அவர். உழைப்பின் தாளத்தைத் தாங்கி, தனித்தனிக் கைகளை ஒரு கூட்டமாக இணைப்பது அது. என். எஸ். எம். இராமையாவோ, தம் கதைக்கும், 1980 இல் வந்த தொகுதிக்கும், ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்றே பெயரிட்டார். தராசில் எடையாகவும் ஏட்டில் எண்ணாகவும் முடிந்துபோகும் ஒன்றை இலக்கியத்தின் பொருளாக்கியமையே அவருடைய சாதனை. கூடையைத் தூக்கியவளின் திறனும் மானமும் அந்தக் கூடைக்குள் இருக்கின்றன என்பதைத் தமிழ் வாசகன் உணர்ந்தான். கைத்தொழிலாளனின் கவனத்தைப் போற்றக் குமாரசுவாமி முன்வந்தார். கொழுந்தெடுப்பவளின் கவனத்தைப் போற்றத் தொழிலாளர் மத்தியில் பிறந்த எழுத்தே முன்வர வேண்டியிருந்தது.

கங்காணியின் கண் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. உலக முதலாளித்துவம் அதனை ஒரு சாத்திரமாகவே வகுத்தது. 1911 இல் அமெரிக்கரான பிரெடெரிக் வின்சுலோ டெய்லர் ‘விஞ்ஞான முகாமையின் தத்துவங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். லூல்கந்துர டெய்லருக்கும் இவருக்கும் உறவில்லை, பெயரொற்றுமையே உண்டு. பெத்லகேம் உருக்காலையில், நாளுக்கு 12½ தொன் இரும்புப் பாளங்களைச் சுமந்த ஒருவனைப் பயிற்றி 47 தொன் சுமக்கச் செய்ததாக அந்நூலில் அவர் கூறுகிறார். அவனுடைய கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது. அவன் அருகில் ஒருவர் கடிகாரத்தோடு நின்று, இப்போது தூக்கு, இப்போது நட, இப்போது அமர்ந்து இளைப்பாறு என்று நாள் முழுதும் கட்டளையிட்டாராம். இந்தக் கதையின் விவரங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். கதை மெய்யோ புனைவோ, அதன் கொள்கை தெளிவானது. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று; கூலி இரு மடங்கும் ஆகவில்லை. ஒருவருக்கு ஒருவராக நடந்த தனிப்பயிற்சிதான் இதுவும்! ஆயின் சிந்தனை முழுவதும் கடிகாரம் பிடித்தவரிடம் போய்விட்டது. தொழிலாளியிடம் எஞ்சியது முதுகு மட்டுமே.

நம் காலத்துப் ‘பயிற்றுநர்’ இவ்விரு மரபுகளில் எதற்கு உரியவர்? அவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘கோச்’ சுவையான வரலாறு உடையது. ஹங்கேரி நாட்டின் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட வண்டியின் பெயர் ஐரோப்பிய மொழிகளிற் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒக்ஸ்போர்ட் மாணவர், தம்மைப் பரீட்சையின் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் தனியாசிரியரை அவ்வண்டியின் பெயரால் வேடிக்கையாக அழைத்தனர். எனவே, பிரத்தியேக வகுப்பு ஆசிரியரே அச்சொல்லுக்கு முதல் உரிமையாளர். பின்னர் அது விளையாட்டுத்திடலுக்குச் சென்றது. 1974 இல் டென்னிஸ் ஆட்டப் பயிற்றுநரான திமொதி கால்வே, ஆடுபவரின் மனத்துள் நிகழும் ஆட்டத்தைப் பற்றி எழுதிய நூலும், 1992 இல் ஜோன் விற்மோர் எழுதிய நூலும் அதனை வணிக நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தன. கட்டளையிடுவதைக் குறைத்து, வினாக்களால் கற்பவனையே காணச்செய்தல் அவர்களுடைய முறை. அம்முறையில் நன்மை உண்டு. நல்லாசிரியர் எவரும் அதனை அறிவர்.

தனிப்பயிற்சியின் பயனுக்குச் சான்றுகள் பல. 1984 இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார். தனியாசிரியரிடம் கற்ற சராசரி மாணவன், வழமையான வகுப்பிற் கற்ற மாணவரில் 98 வீதத்தினரை விஞ்சினான் என்பது அம்முடிவு. பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. எனினும் பயன் உண்டு என்பதை உறுதிசெய்தன. புளூம் அதனைத் தனியாசிரியத் தொழிலுக்கு விளம்பரமாகக் கூறவில்லை என்பது கருதத்தக்கது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தனியாசிரியர் வைத்தல் சமுதாயத்தால் இயலாது. ஆகவே பொதுவகுப்பிலேயே அந்தப் பயனை அடையும் வழியைத் தேடுங்கள் என்று அவர் அறைகூவினார். அந்த அறைகூவலே நம் ஆசிரியர்களுக்கு உரியது.

மற்றொரு சான்று மருத்துவத்துறையிலிருந்து கிடைக்கிறது. இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த அறுவைச்சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே, 2011 இல் எழுதிய ஒரு கட்டுரையில் தம் அனுபவத்தைக் கூறுகிறார். எட்டாண்டுப் பயிற்சிக்குப்பின் தம் திறமை மேலும் வளரவில்லை என உணர்ந்த அவர், ஓய்வுபெற்ற தம் முன்னாள் ஆசிரியரை அழைத்து, தாம் அறுவை செய்யும்போது அருகில் நின்று நோக்குமாறு வேண்டினார். முதியவர் பேசாமல் நின்று குறிப்பெடுத்தார். முழங்கை உயர்ந்துபோவதையும், விளக்கின் ஒளி காயத்திலிருந்து விலகியதை அறுப்பவர் கவனியாததையும் பின்னர் தனிமையில் எடுத்துரைத்தார். இங்கும் ஒரு கண் மற்றொருவரின் வேலையை நோக்குகிறது. கங்காணியின் கண்ணிலிருந்து இதனை வேறுபடுத்துவன மூன்று. அழைத்தவர் தொழிலாளியே. நோக்கியவர் அதே தொழிலில் முதிர்ந்தவர். கண்ட குறைகள் மேலதிகாரியின் ஏட்டுக்குப் போகவில்லை. தொழிலாளியின் காதுக்கே வந்தன.

இந்த மூன்று அளவுகோல்களையும் கைக்கொண்டு இன்றைய அலுவலகத்தை நோக்குவோம். மனித கவனத்தைப் பல்லாண்டுகளாக அளந்துவரும் கலிபோர்னியப் பேராசிரியை குளோரியா மார்க், கணினித் திரையில் ஒரே பக்கத்தின்மீது மனிதரின் கவனம் நிற்கும் சராசரிக் காலம் 2004 இல் ஏறக்குறைய இரண்டரை நிமிடமாக இருந்து, பின்னர் 47 செக்கனாகக் குறைந்துவிட்டது என்று கண்டார். இருபதாண்டுகளுள் மனிதனின் மூளை மாறிவிடவில்லை. மாறியது வேலையின் ஒழுங்கு. கண்டி நகரில் ஒரு வங்கி எழுதுவினைஞரோ தொலைபேசி நிறுவன ஊழியரோ, மேலதிகாரியின் செய்தி, வாடிக்கையாளரின் முறையீடு, மாத இலக்கின் நினைவூட்டல் ஆகிய மூன்றுக்கும் ஒரே நாழிகையில் விடையளிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய கவனத்தைக் கூறுபோட்ட நிறுவனமே, கவனத்தைக் குவிக்கக் கற்பிக்கும் பயிலரங்குக்கும் அவரை அனுப்புகிறது. நிறுவனம் ஊதியம் கொடுக்கும் பயிற்றுநர், ஊழியரின் அந்தரங்கக் குறைகளைக் கேட்டறிந்து, அறிக்கையை யாரிடம் கையளிக்கிறார் என்று வினவ ஊழியருக்கு உரிமை உண்டா? இல்லையெனில், மென்மையான குரலில் பேசும் கங்காணி என்றே அவரைக் கொள்ளல் வேண்டும்.

தோட்டத்திலோ இந்த மென்மையும் இல்லை. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பல தோட்டங்களில் நாட்பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை அதனோடு சேர்த்து உயர்த்தப்பட்டது. 2024 இல் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. சம்பளம் ஏறும்போதெல்லாம் தராசும் ஏறுமெனில், தொழிலாளியின் கூர்ந்த கவனத்தால் விளையும் மிகுதி எவருக்கு? வேலையில் ஊன்றி நில் என்று அவளுக்கு அறிவுரை கூறும் தகுதி, இவ்வினாவுக்கு விடை கூறாத எவருக்கும் இல்லை.

இறுதியாகப் பாடசாலைக்கு வருவோம். நம் வாசகரிற் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கின்றனர். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் நிறைவேறிய இலவசக் கல்வி, இந்நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மாபெருஞ் செல்வம். தோட்டப் பாடசாலைகளுக்கு அதன் ஒளி மிகப் பிந்தியே எட்டியது. 1970களிற்றான் அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வரலாயின. இன்றோ, இலவசக் கல்வியின் பக்கத்திலேயே விலைக்கல்வி வளர்ந்து நிற்கிறது. ‘பிரத்தியேக’ வகுப்பு என்று பெயர். மண்டபத்தில் இருப்போர் நூற்றுக்கணக்கினர். ஒலிபெருக்கியில் பேசும் ஆசிரியர் எந்தப் பிள்ளையின் கையையும் காண்பதில்லை. எந்தப் பிள்ளையின் பெயரையும் அறிவதில்லை. தனிப்பயிற்சி என்ற பெயரில் தனிப்பயிற்சிக்கு நேர்மாறான ஒன்று விற்கப்படுகிறது. அலவத்துகொடவில் ஒரு கடை உதவியாளரின் மகனோ, அயலிலுள்ள தோட்டத்துத் தொழிலாளியின் மகளோ, அந்தச் சரக்கை வாங்கவும் வசதியின்றி, ‘படிப்பில் கவனமில்லாத பிள்ளை’ என்ற பட்டத்தை மட்டும் இலவசமாகப் பெறுகின்றனர். பசித்த வயிற்றோடும், எட்டுப்பேர் உறங்கும் ஒற்றை அறையிலிருந்தும் வரும் பிள்ளையின் மனம் சிதறுகிறதென்றால், சிதறியது அப்பிள்ளையின் மனமா, நம் சமுதாயத்தின் நீதியா?

இங்கு ஓர் ஆட்சேபனை எழலாம். சமுதாயம் மாறும்வரை ஒரு பிள்ளையின் கவனத்துக்காகக் காத்திருப்பதா என்று நல்லெண்ணமுடைய ஆசிரியர் ஒருவர் கேட்பார். காத்திருக்குமாறு நாம் கூறவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் ஒவ்வொரு நாளும் ஐந்து பிள்ளைகளின் பக்கத்தில் சில நிமிடம் அமர்ந்து, அவர்கள் எழுதுவதைப் பார்த்து, ‘இதை ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்டல் இயலும். எட்டு நாளில் வகுப்பு முழுவதும் ஓர் ஆசானின் கண்ணைக் கண்டிருக்கும். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் மாலை வட்டங்களை ஊர் வாசகசாலையிலும், கோயில் மண்டபத்திலும், பள்ளிவாசல் முன்றிலிலும், விகாரையின் அறநெறிப் பாடசாலையிலும் நடத்துதல் இயலும். சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் இப்பகுதியில், ஒரு மொழியின் பிள்ளைக்கு மற்றொரு மொழியின் பிள்ளை ஆசானாதலும் இயலும். தேயிலை மலையில் பக்கத்து நிரைக்காரி ஊதியமின்றிச் செய்த வேலையை, படித்த நாம் செய்யத் தயங்குவது நாணத்தக்கது.

இதனோடு நம் கடமை முடிந்துவிடாது. பயிற்றும் நேரத்தைத் தொழில் நேரமாகக் கணக்கிடுமாறு தொழிற்சங்கங்கள் கோரவேண்டும். புதியவளுக்குக் கற்பிக்கும் மூத்த தொழிலாளிக்கு அன்று முழுப்பேர் உண்டு என்பது எழுத்திலே வரவேண்டும். நிறுவனத்தின் பயிற்றுநரிடம் ஊழியர் கூறியது மேலதிகாரியின் கோப்புக்குச் செல்லலாகாது என்பது ஒப்பந்தத்திலே வரவேண்டும். வகுப்பின் மாணவர் தொகையைக் குறைக்கவும், மலையகத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரை அனுப்பவும் ஆசிரியர் சங்கங்கள் இடையறாது போராடவேண்டும். கவனம் என்ற நுண்ணிய பொருளுக்கும் சம்பளப் பேச்சுவார்த்தை என்ற பருப்பொருளுக்கும் தொடர்பில்லை என்பார் பலர். தொடர்பு உண்டு என்பதையே ஹபுவிடவின் அரக்கும் தோட்டத்தின் தராசும் நமக்குக் கற்பிக்கின்றன.

குமாரசுவாமி தம் நூலில் ‘நேத்திர மங்கல்யம்’ என்னும் சடங்கை விரிவாக வருணித்துள்ளார். சிலையின் வேலை அனைத்தும் முடிந்தபின், இறுதியாகக் கண் எழுதப்படுகிறது. கண்ணைத் திறந்த பின்னரே அது வழிபாட்டுக்குரிய உருவமாகிறது. அதுவரை அது வெறுங் கல்லும் சாந்துமே. நல்ல ஆசானின் தொழிலும் இத்தகையதே. அவன் மாணவனைத் தன் கண்ணால் காவல் செய்பவன் அல்லன். மாணவனின் கண்ணைத் திறப்பவன். திறந்த கண், கையிலுள்ள கொழுந்தையும் பார்க்கும். தராசின் முள்ளையும் பார்க்கும். தராசைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்கும். முதலாவதைப் பார்த்தால் போதும் என்று கற்பிப்பவர் கங்காணி. மூன்றையும் பார்க்கப் பழக்குபவரையே நாம் ஆசான் என அழைப்போம்.